கை எடுக்கிற நேரம்

அமெரிக்க இசைக் கல்லூரிகளில் கோடைக்காலம் தனி வியாபாரம். பட்டப்படிப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். வகுப்பறையும் பயிற்சி அறையும் காலியாகக் கிடக்கும். சும்மா பூட்டி வைப்பானேன் என்று கிட்டாருக்கு ஒரு பட்டறை, டிரம்ஸுக்கு ஒன்று, பாட்டு எழுத ஒன்று எனச் சில நாள் கணக்கில் நடத்துவார்கள். பாஸ்டனில் பெர்க்லி கல்லூரி பேஸ் கிட்டாருக்கென்றே நடத்தும் பட்டறைக்கு நான் போனது அப்படித்தான். முடிவில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டி வடபழனியில் ஒரு ரிசப்ஷன் கச்சேரிகூடக் கூடுதலாகப் பிடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், பணம் கொடுத்த என் மனைவிக்கும் தெரியும்.

மச்சான் ஃபிரேமிங்ஹாமில் வேலை பார்க்கிறான், தங்குகிற செலவு மிச்சம் என்பதுதான் உண்மையான காரணம். அங்கிருந்து புறநகர் ரயிலில் ஏறி லான்ஸ்டவுன் நிலையத்தில் இறங்கினால் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். லான்ஸ்டவுனுக்குப் பக்கத்திலேயே ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானம். ஆட்டம் இருக்கிற நாளில் சிவப்புத் தொப்பிக் கூட்டத்துக்கு எதிர்நீச்சல் போட்டுத்தான் வர வேண்டும், அதுவும் முதுகில் பேஸைச் சுமந்துகொண்டு. ஜூலை வெயில் நம்மூர் வெயிலுக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

பெர்க்லி என்றால் நம்மவர்களுக்கு ஏ.ஆர். ரகுமானுக்கு 2014இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த இடம் என்று தெரியும். 1945இல் லாரன்ஸ் பெர்க் என்ற எம்.ஐ.டி.யில் படித்த என்ஜினீயர் ஆரம்பித்த பள்ளி அது. இசைக் கல்லூரி என்றாலே மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் என்றிருந்த காலத்தில் ஜாஸையும், நடன அரங்குகளிலும் வானொலியிலும் வாசித்துப் பிழைக்கத் தேவையான இசையையும் சொல்லிக்கொடுத்தார்கள். வாசித்துப் பிழைக்கிறவனுக்கான பள்ளி என்பதால் எனக்கு அங்கே பெரிய கூச்சம் இருக்கவில்லை.

என் படிப்பு கேசட் படிப்பு. டேப் ரிக்கார்டரில் ரீவைண்டு பட்டன் தேய்கிற வரை கேட்டு, கையில் வந்தபின் அடுத்த பாட்டு. 1982இல் வந்த ‘நினைவெல்லாம் நித்யா’ படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கேட்ட பிறகுதான், நாலு கம்பிதானே என்று இளப்பமாக எடுத்த வாத்தியத்தை ஒழுங்காகப் பிடிக்க ஆரம்பித்தேன். இளையராஜா பேஸுக்கும் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதித்தான் கொடுப்பார். ஸ்டுடியோவில் வாசித்தவர்கள் அதைப் பார்த்து வாசித்தார்கள். அவர்கள் வாசித்ததைக் கேட்டு மேடையில் வாசித்த நாங்கள் காதை நம்பினோம். மெல்லிசைக் குழுக்காரர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் அப்படித்தான்.

பட்டறைக்கு வந்திருந்தவர்களைப் பார்த்தால் இவர்களையெல்லாம் எது இங்கே கொண்டுவந்தது என்று தோன்றும். பள்ளிக்கூடப் பையன்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், ராணுவத்தில் இருந்தவர், மகளும் தகப்பனுமாக ஒரு ஜோடி. வாசிப்பில் கெட்டியானவர்கள் என்று பார்த்தால் சர்ச்சில் வாசிக்கிறவர்கள்தான். ஞாயிறுதோறும் பிரசங்கியின் பேச்சுக்கு நடுவே எந்தச் சுருதியில் எப்போது பாட்டு கிளம்பும் என்று தெரியாமல் காத்திருந்து பிடிக்கிறவர்கள். அந்தக் கூர்மை வேறு எங்கும் வராது. ஆசிரியர்களை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குக் கடைசிவரை ‘சார்’தான்.

முதல் நாள் யார் எந்தப் பிரிவு என்று பார்க்க ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார்கள். எஃப்பில் பன்னிரண்டு பார் ப்ளூஸ், பிறகு பேஸ் க்ளெஃபில் எழுதிய ஒரு தாள். ப்ளூஸில் தலையாட்டினார்கள், தாளில் உதட்டைப் பிதுக்கினார்கள். அதனால் நடுத்தரப் பிரிவு. பல் மருத்துவரும் அதே பிரிவு. அவர் கதை நேர் தலைகீழ்.

நான் ஸ்லாப் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கட்டை விரலால் கம்பியை அறைந்து ஆள்காட்டி விரலால் கொக்கி போட்டு இழுக்கிற வாசிப்பு அது. அதன் பிறப்புக் கதை நல்ல கதை. லாரி கிரஹாம் தன் அம்மாவோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் டிரம்மர் இல்லாமல் போனது. பேஸ் டிரம்முக்குப் பதில் கட்டை விரல், ஸ்நேருக்குப் பதில் இழுப்பு என்று அவராக ஈடுகட்டிக்கொண்டார். அப்புறம் ஸ்லை அண்டு த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அதைப் பதிவு செய்யவும் உலகமே பிடித்துக்கொண்டது. டிரம்மர் இல்லாத குறைக்குக் கண்டுபிடித்ததை இப்போது டிரம்மர் இருக்கும்போதே அறைகிறார்கள். அறை நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் ஸ்லாப் பழகுவதைக் கேட்டால், பேஸ் வாத்தியத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும். பையன்களுக்கு அந்த வகுப்புதான் திருவிழா.

எனக்குப் போன காசுக்கு மதிப்பு கிடைத்தது ஆம்ப் இல்லாமல் நடந்த வகுப்பில்.

நரைத்த குடுமி வைத்த ஆசிரியர். உள்ளே வந்ததும் எல்லா ஆம்ப்பையும் அணைக்கச் சொன்னார். ஈ கம்பியில் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்து ஜி. அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். மெட்ரோனோம் 60இல். ஒன்றில் அடிக்க வேண்டும், மூன்றில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. ஒன்றில் அடிப்பது எல்லோருக்கும் சரியாக இருந்தது. மூன்றில் நிறுத்துவதில்தான் ஒவ்வொருவர் ஜாதகமும் வெளிவந்தது. சிலர் க்ளிக்குக்கு முன்பே கையை எடுத்தார்கள், சிலருடையது க்ளிக்கைத் தாண்டி வழிந்தது. சர்ச்காரர் ஒருவர் நிறுத்தியபோது க்ளிக் சத்தம் மட்டும் தனியே, கழுவித் துடைத்துவைத்த மாதிரி, தெளிவாகக் கேட்டது. ஆசிரியர் அவரையே மறுபடி மறுபடி செய்யச் சொல்லி எங்களைக் கேட்கவைத்தார்.

நோட்டை நிறுத்துவது என்பது கேட்கச் சாதாரணம். கையில் செய்துபார்த்தால் அதற்குள் இரண்டு மூன்று வேலை இருக்கிறது. இடது கை விரலை அழுத்தத்திலிருந்து தளர்த்த வேண்டும். ஆனால் கம்பியை விட்டுத் தூக்கக் கூடாது. தூக்கினால் கம்பி திறந்துகொண்டு ஈ சத்தம் ‘ங்’ என்று முனகும். ஒரே ஒரு விரல் மட்டும் மேலே தொட்டுக்கொண்டிருந்தால், அது ஐந்தாவது, ஏழாவது, பன்னிரண்டாவது கட்டங்களுக்கு நேராக இருக்கும் பட்சத்தில், மணி மாதிரி ஒரு ஹார்மோனிக் கிளம்பிவிடும். ஆகவே இரண்டு விரலாவது படிய வேண்டும். வலது கையில் அடித்த விரலையே திரும்பக் கம்பியில் ஊன்றியும் நிறுத்தலாம். இரண்டு முறைக்கும் முடிவின் ஓசை வேறு. இடது கையால் நிறுத்தினால் மெல்ல அணையும், வலது கையால் நிறுத்தினால் வெட்டுப்படும். எந்தப் பாட்டுக்கு எது என்பது நம் முடிவு. இத்தனை வருடம் நான் இதை முடிவாக நினைத்ததே இல்லை. கை போன போக்கில் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்துக் கம்பிகளையும் கவனிக்க வேண்டும். ஜி கம்பியில் வாசிக்கும்போது ஈயும் ஏயும் கூடவே அதிர்ந்து ஒரு மங்கலான இரைச்சலைச் சேர்க்கும். வலது கட்டை விரலை ஓரிடத்தில் ஊன்றிவைக்காமல், விரல்கள் மேலே போகப்போகக் கட்டை விரலும் கம்பி கம்பியாக நகர்ந்து வந்து படுத்துக்கொண்டால் அந்த இரைச்சல் அடங்கும். பழைய பழக்கத்தில் என் கட்டை விரல் பிக்கப்பை விட்டு நகர மாட்டேன் என்றது. ஆசிரியர் பிக்கப்பின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை வழுவழுப்புப் பக்கம் மேலே இருக்க ஒட்டிவைத்தார். விரல் வைத்தால் வழுக்கியது. வேறு வழியில்லாமல் நகர்ந்தது.

வகுப்பு முடிவில் பையிலிருந்து பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்தார். கத்தரியால் நீளவாக்கில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகினார். ஆம்ப்பைப் போட்டு வாசிக்கச் சொன்னார். ‘டும்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. பழைய பாட்டுகளில் கேட்கிற அதே சத்தம். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பிரிட்ஜின் மேல் போட்ட உலோக மூடிக்குள் இதே வேலைக்குத்தான் ஒரு பஞ்சுப் பட்டையை ஒட்டி அனுப்பினார். டபுள் பேஸின் சத்தம் சீக்கிரம் அணைந்துவிடும். அதைக் கேட்டே பழகிய காதுகளுக்கு நீண்டு ஒலிக்கிற பேஸ் அன்றைக்கு ஒவ்வாத சத்தம். பின்னாளில் வந்தவர்கள் மூடியையும் பஞ்சையும் கழற்றி எறிந்துவிட்டு, நீண்டு ஒலிப்பதையே பெருமையாக்கினார்கள்.

ஆசிரியர் அடுத்து, அப்படிப்பட்ட பஞ்சோடு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பாட்டுகளைப் போட்டுக்காட்டினார். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் பேஸ்காரர். 1962 மாடல் பிரிசிஷன் பேஸ், தடித்த ஃப்ளாட் வவுண்டு கம்பி, அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசிப்பார். டபுள் பேஸிலிருந்து வந்த கை அது. அந்த ஒற்றை விரலில் இருந்து அவ்வளவு ஓடுகிற மெட்டு வருவதை நம்பாமல் என் பக்கத்தில் இருந்த பையன் தன் ஆள்காட்டி விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டவுன் ரிக்கார்டுகளில் வாசித்தவர்கள் பெயர் போடும் வழக்கமே கிடையாது. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் ஜேமர்சன் பெயர் உறையில் வந்தது. நம் சினிமாப் பாட்டு கேசட் அட்டைகளில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரோடு நின்றுபோனதை நினைத்துக்கொண்டேன். நான் மேடையில் நூறு தடவை வாசித்த பேஸ் எத்தனையோ பாட்டுகளில் யாருடைய விரல் என்று இன்றைக்கும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கல்லூரி வாசலில் இருந்து மாசசூசெட்ஸ் அவென்யூவில் கொஞ்ச தூரம் நடந்தால் சிம்பனி ஹால் வரும். 1900இல் திறந்த அரங்கு. மதிய இடைவேளையில் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் அது கட்டப்பட்ட கதை என் தொழிலுக்கு மிகவும் வேண்டிய கதை. ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அறை ஒன்றில் பேசினால் ஐந்தரை வினாடி வரை சத்தம் அடங்காமல் சுற்றியது. வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம், 1895இல், இதைச் சரிசெய் என்றார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவந்து, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்த்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. இடத்தின் கன அளவு, உறிஞ்சுகிற பொருளின் அளவு, இரண்டையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டார். அந்தச் சூத்திரத்தை வைத்து முன்கூட்டியே கணக்குப் பார்த்துக் கட்டிய முதல் அரங்கு சிம்பனி ஹால்.

அவர் ஊதிய குழாயின் அதிர்வெண் 512 ஹெர்ட்ஸ். என் ஈ கம்பி 41. மெத்தையும் புடவையும் வேட்டியும் மேல்சுருதியைச் சாப்பிட்டுவிடும், கீழ்ச்சுருதியை அவ்வளவாகத் தொடாது. நம் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், மேடைக்குப் பின்னால் கண்ணாடியும் தகடும். சாயந்திரம் சவுண்டு செக் பார்க்கும்போது எல்லாமே கூவும். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் பாட்டும் கீபோர்டும் தெளிந்துவிடும். பேஸ் மட்டும் தெளியாது. 120 வேகத்தில் ஒரு பாட்டு என்றால் ஒரு அடி அரை வினாடி. மண்டபத்தில் கீழ்ச்சுருதி இரண்டு வினாடி சுற்றுகிறது என்றால், நான் ஐந்தாவது நோட் அடிக்கும்போது முதல் நோட் இன்னும் சமையற்கட்டுப் பக்கம் உலாவிக்கொண்டிருக்கும். சவுண்டு என்ஜினீயர் பாவம், பேஸைக் குறைப்பார், குறைத்தும் தெளியாமல் மேலும் குறைப்பார். வால்யூம் பிரச்சினை இல்லை அது, நீளப் பிரச்சினை. நோட்டை அரை அளவுக்கு வெட்டி வாசித்தால் மண்டபமே மிச்ச அரையை நிரப்பிக்கொள்ளும். ஸ்டுடியோவில் முழு நீளத்துக்குப் பிடித்த அதே நோட்டை மேடையில் வெட்டத்தான் வேண்டும்.

இன்னொரு வகுப்பில் நாஷ்வில் எண் முறை. அந்த ஊர் ஸ்டுடியோக்காரர்கள் 1950களின் கடைசியில் தங்கள் வசதிக்கு உண்டாக்கிக்கொண்ட முறை. கார்டுக்கு எழுத்து கிடையாது, 1, 4, 5, 6 மைனர் என்று எண்தான். பாடகர் சுருதியை மாற்றினாலும் தாளைத் திருத்த வேண்டாம். மற்றவர்கள் இதைப் புதுசாகக் கற்றுக்கொண்டார்கள். ஸ முதல் ப வரை எந்தக் கட்டையிலும் ஸ முதல் ப வரைதான் என்று அறிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அதில் அதிசயம் இல்லை. ஆனால் நான் அதைத் தாளில் எழுதிப் பழகவில்லை. நம்மூர் மேடையில் நடப்பது தெரிந்ததுதான். பாடகர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?” என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதே விரலில் வாசிப்பார். கிட்டாரும் பேஸும்தான் திண்டாட வேண்டும், அதுவும் திறந்த கம்பியை நம்பிப் பழகிய பாட்டென்றால் கேட்கவே வேண்டாம். இப்போது புதுப்பாட்டு வந்தால் எண் போட்டுத்தான் செல்போனில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மெட்ரோனோம் வேலையும் இருந்தது. 120 வேகப் பாட்டுக்கு 60இல் வைத்து, அந்த க்ளிக்கை இரண்டு, நாலாவது அடிகளாகப் பாவித்து வாசிக்க வேண்டும். பிறகு 30இல் வைத்து நாலாவது அடி மட்டும். மிருதங்கக்காரர்களோடு பழகியவனுக்கு வெற்றிடத்தில் தாளத்தைச் சுமப்பது பெரிய விஷயமில்லை. அந்த வகுப்பில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராத்திரியில் நாலைந்து பேர் சேர்ந்து வாலிஸ் கஃபே போனோம். அதே மாசசூசெட்ஸ் அவென்யூவில் சவுத் எண்டு பக்கம் இருக்கிற சிறிய கிளப். பார்படோஸ் தீவிலிருந்து வந்த ஜோசப் வால்காட் 1947இல் ஆரம்பித்தது. கல்லூரிப் பிள்ளைகள் காலங்காலமாகக் கை பழகுவது அங்கேதான். நீளமான, குறுகலான அறை. கடைசியில் மேடை என்ற பெயரில் ஒரு மூலை. பேஸ் வாசித்த பெண் மொத்தமே சில நோட்டுகளைத்தான் சுற்றிச் சுற்றி வாசித்தாள். நான் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்மரின் பேஸ் டிரம் எவ்வளவு நேரம் ஒலிக்கிறதோ அவ்வளவுதான் அவளுடைய நோட்டும். இரண்டும் ஒரே வாத்தியம் என்றே தோன்றியது. ஸ்நேர் விழுகிற இடத்தில் அவள் எப்போதும் இல்லை. பல் மருத்துவர் என் காதில், “அவள் ஸ்நேருக்கு வழிவிடுகிறாள்” என்றார். தாள் படிக்கிறவர்தான் என்றாலும் காதும் இருந்திருக்கிறது.

கடைசி நாள் நாங்கள் எல்லோரும் குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கொரு பாட்டு வாசித்தோம். எல்லோரும் பேஸ்காரர்கள் என்பதால் ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும் தெரிந்ததையெல்லாம் கொட்டினார்கள். சுமாரான நிகழ்ச்சி. புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

ஊருக்கு வந்த பிறகு முதல் மாற்றம் ஸ்பாஞ்ச். என் பழைய பேஸில் பாதிப் பாட்டுகளுக்குச் செருகுவேன், பாதிக்கு எடுத்துவிடுவேன். 1960, 70களின் பாட்டுகளுக்குச் செருகினால்தான் சரியாக உட்காருகிறது. எழுபதுகளுக்குப் பிந்தைய இளையராஜா பாட்டுகளுக்கு எடுத்துவிட வேண்டும், அவற்றில் நோட் நீள்கிற இடமும் மெட்டுதான். ஒரு மண்டபத்தில் சவுண்டு என்ஜினீயர் என்னிடம் வந்து, “அண்ணே, புது ஆம்ப்பா?” என்றார். ஸ்பாஞ்சைக் காட்டியதும் சிரித்துவிட்டுப் போனார், ஆனால் அன்றைக்குப் பேஸைக் குறைக்கவில்லை.

தீராத சங்கதி ஒன்று உண்டு, அதற்குப் பாஸ்டனில் மருந்து கிடையாது. எங்கள் குழுவின் கீபோர்டுப் பையன் கெட்டிக்காரன். பேஸ்காரர் வராத கச்சேரிகளில் இடது கையாலேயே பேஸையும் சேர்த்து வாசித்துப் பழகியவன். பட்ஜெட் குறைந்த கச்சேரிகளில் பேஸ்காரருக்குச் சம்பளம் மிச்சம் என்று பல குழுக்களில் இதுவே வழக்கமாகிவிட்டது. நான் இருக்கும்போதும் அவன் இடது கை ஓயாது. என் நோட்டை நான் கச்சிதமாக நிறுத்துகிற இடத்தில், அவனுடைய நோட் சஸ்டெயின் பெடலில் மிதந்துகொண்டிருக்கும். நான் வெட்டி என்ன பயன்?

ரிகர்சலில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “தம்பி, நான் இருக்கிற அன்னைக்கு மட்டும் மிடில் சிக்குக் கீழே இடது கையை எடுத்துடேன்.”

“எடுத்துடலாம்ணே, அதுக்கென்ன” என்றான்.

அன்றைக்கு ரிகர்சல் முழுக்க இடது கையை மடியிலேயே வைத்திருந்தான். பாட்டு அப்படியே திறந்துகொண்டது. டிரம்ஸ்காரரே திரும்பிப் பார்த்தார். மறுநாள் கச்சேரியில் இரண்டாவது பாட்டிலேயே கீழ் பக்கத்திலிருந்து ஒரு குமுறல் கிளம்பியது. திரும்பினேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசித்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் கேட்டதற்கு, “சாரிண்ணே, கை தானா போயிடுது” என்றான். அடுத்த ரிகர்சலில் அவன் கீபோர்டின் கீழ் ஆக்டேவில் மாஸ்கிங் டேப் ஒட்டிப்பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.